கார்டு ஏசுதாஸின் திருவுளச் சீட்டு

ஏசுதாஸ் பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று மைசூர் லஷ்கர் மொஹல்லாவில் கேட்காமலேயே சொல்வார்கள். மைசூர் சமஸ்தான ரயில்வேயில் இருபத்தாறு வருஷமாக கார்டு. சாமராஜநகர் வண்டி ஏழு நிமிஷம் பிந்தினால் ஏழு என்றுதான் எழுதுவார். "அஞ்சுன்னு போடுங்க கார்டு சார், சும்னே எதுக்கு மேல இருந்து பேச்சு வாங்கணும்?" என்று ஸ்டேஷன் மாஸ்டர்கள் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். ஏழு என்றால் ஏழுதான். இப்படிப்பட்டவர் தம் ஆயுசிலேயே ஒரு திருட்டுத்தனம் செய்தார், அதையும் தேவமாதாவின் காலடியில் செய்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் செய்தார். 1936 ஜூன் மாதம், பட்டப்பகலில், முழுப் புத்தியோடு செய்தார்.

எல்லாம் இரண்டு கடுதாசிகளால் வந்தது. மகள் மோலி இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. மைசூர் யுனிவர்சிட்டியிலிருந்து செவ்வாய்க்கிழமை கடுதாசி வந்தது: கணக்கில் பி.ஏ. ஆனர்ஸ் படிக்க இடம் உண்டு. ஏசுதாஸ் டியூட்டிக்குப் போகிற வழியெல்லாம் நின்று நின்று சொன்னார். பால்காரி நஞ்சம்மாவுக்கு ஆனர்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து, "ஹௌதா? நல்லதாச்சு சார்" என்று அரைப்படி பால் கூடவே ஊற்றிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது கடுதாசி வந்தது. மதராஸ் யுனிவர்சிட்டியின் பெண்கள் காலேஜ் ஒன்றிலிருந்து. அங்கேயும் அதே கணக்கு, அதே ஆனர்ஸ், தங்க ஹாஸ்டலும் உண்டாம். ஏசுதாஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மதராஸுக்கு யாரு எழுதிப் போட்டது?"

"கான்வென்ட் மதர் போடச் சொன்னாங்கப்பா. நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க" என்றாள் மோலி.

உண்மைதான். ஒரு பயணத்துக்கு முப்பது நாற்பது காகிதத்தில் கையெழுத்துப் போடுகிற கை அது. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் மகள் நீட்டியதிலும் போட்டிருக்கிறது. வண்டி நேரத்தை இம்மி பிசகாமல் எழுதுகிற மனுஷன் மகளின் தலையெழுத்தைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மோலி அவருக்கு ஒற்றைப் பிள்ளை. இரண்டு பையன்கள் பிறந்து, இரண்டு பேரையும் பிளேக் ஒரே வாரத்தில் கொண்டுபோன பிறகு பிறந்தவள். வண்டி விட்டு வந்து அவர் ஷூவைக் கழற்றுவதற்குள் அவருடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கிக்கொள்வாள். எந்த ஸ்டேஷனில் வண்டி எத்தனை நிமிஷம் தூங்கியது, எங்கே ஓடிப் பிடித்தது என்று கூட்டிக் கழித்துச் சொல்லிவிட்டுத்தான் அவரைச் சாப்பிட விடுவாள். எட்டு வயதில் ஆரம்பித்த பழக்கம். அந்த ஒரு கால்மணி நேரத்துக்காகத்தான் அவர் நாள் முழுதும் வண்டியின் கடைசிப் பெட்டியான பிரேக்வானில் குலுங்கிக்கொண்டு வந்தார் என்று சொன்னால் மிகையில்லை. அவளை மதராஸுக்கு அனுப்பிவிட்டு யாரிடம் புத்தகத்தைக் கொடுப்பது?

மனைவி ஜெசிந்தாவுக்கு வேறு கவலை. ஏசுதாஸின் அக்கா நஞ்சன்கூட்டில் இருந்தாள். அவள் மகன் அங்கே ஓர் அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிறவன். மோலிக்கு முறை மாப்பிள்ளை. கடுதாசிச் செய்தி கேட்டதும் அக்கா வந்து இறங்கினாள். "உள்ளூர்லயே படிக்கட்டும் தம்பி. தை மாசம் கல்யாணத்த வச்சிடலாம். அப்புறம் அவ புருஷன் பாடு, அவ பாடு" என்றாள். ஏசுதாஸ், "பாக்கலாங்க்கா" என்றார். அக்காவிடம் முடியாது என்று அவர் சொல்லி ஜெசிந்தா கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதலாய்க் கேட்டதில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் உப்புச் சப்பில்லாமல் பேசிக்கொண்டார்கள். அவர் மதராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றார். அவள் மைசூர்க் குளிர் மட்டும் ஒத்துக்கொள்கிறதா என்றாள். மனசில் இருந்ததை இரண்டு பேரும் சொல்லவில்லை. கடைசியில் கோயில் உபதேசியார்தான் வழி சொன்னார். "சர்வேசுரன் கிட்ட விட்டுடுங்க. திருவுளச் சீட்டுப் போடுங்க."

அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களில் அது பழைய வழக்கம். பெண் எடுப்பதா கொடுப்பதா, வீடு வாங்குவதா வேண்டாமா என்று மனுஷனால் முடிவு செய்ய முடியாதபோது வீட்டுத் தலைவர் தனியாக உட்கார்ந்து இரண்டு சீட்டு எழுதி, மடித்து, மாதா சுரூபத்தின் அடியில் வைக்க வேண்டும். ஒன்பது நாள் செபமாலை. ஒன்பதாம் நாள், யாருடைய காரியமோ அவரே ஒரு சீட்டை எடுத்து, பிரித்து, உரக்கப் படிக்க வேண்டும். படித்ததை மெழுகுவர்த்தியில் கொளுத்திவிட வேண்டும். எடுக்காத சீட்டையும் பிரித்துப் பார்க்காமலே கொளுத்த வேண்டும். சர்வேசுரன் வேண்டாம் என்றதைப் பார்க்க மனுஷனுக்கு என்ன உரிமை? பிறகு அதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

மறுநாள் மத்தியானம் நஞ்சன்கூடு ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தபோது ஏசுதாஸ் பிரேக்வானில் உட்கார்ந்து முதல் சீட்டை எழுதினார். மைசூர். இரண்டாவது காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். வெளியே பொரி விற்கிறவன் கத்திக்கொண்டிருந்தான். ஏசுதாஸ் சிலுவை போட்டுக்கொண்டார். சிலுவை போட்ட அதே கையால் இரண்டாவதிலும் மைசூர் என்று எழுதினார். எழுதிவிட்டு அவரே அதிர்ந்துபோனார். ஆனால் கிழித்துப் போடவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கொடியைக் காட்டி, வண்டியை அனுப்பினார். அன்றைக்கு வண்டி மூன்று நிமிஷம் பிந்தியது. மூன்று என்றுதான் எழுதினார்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் வீட்டில் இருபது பேர் கூடிவிட்டார்கள். உபதேசியார் செபமாலையை முடித்தார். ஏசுதாஸுக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்று அவருக்குத் தெரியும். எதை எடுத்தாலும் மைசூர்தான். ஆனாலும் மாதாவின் முகத்தை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. மோலி முழந்தாளிட்டு, சுரூபத்தை லேசாகத் தூக்கி, ஒரு சீட்டை எடுத்தாள். பிரித்தாள். சீட்டையே உற்றுப் பார்த்தாள்.

"படிம்மா" என்றார் உபதேசியார்.

"மதராஸ்" என்றாள் மோலி.

ஏசுதாஸுக்குத் தலையில் இடி இறங்கினாற்போல் இருந்தது. காதில் விழுந்தது நிஜமா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார்கள். மதராஸா? அந்த வார்த்தையை அவர் எழுதவே இல்லையே! கொடு, நான் பார்க்கிறேன் என்று கை தானாக நீண்டது. நீட்டி என்ன சொல்வது? இது என் சீட்டில்லை, நான் இரண்டிலும் மைசூர் என்றல்லவா எழுதினேன் என்று இருபது பேர் நடுவில் சொல்வதா? நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மோலி அவரை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சீட்டை மெழுகுவர்த்தியில் காட்டினாள். மற்றச் சீட்டை உபதேசியார் கொளுத்தினார். இரண்டும் சாம்பலாயின.

ஏசுதாஸ் பேயறைந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு விளக்கம்தான் அவருக்குத் தோன்றியது. சர்வேசுரன் அவருடைய திருட்டைப் பார்த்துவிட்டார். பார்த்து, எழுத்தையே மாற்றிவிட்டார். வேத புஸ்தகத்தில் படித்த அற்புதங்களெல்லாம் யாருக்கோ எந்தக் காலத்திலோ நடந்தவை. இது லஷ்கர் மொஹல்லாவில், அவர் வீட்டில், அவர் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அற்புதம் நடந்தவனுக்குச் சந்தோஷம் வரும் என்பார்கள். ஏசுதாஸுக்குக் குளிர் ஜுரம் வந்தது.

லீவு போட்டு அவரே மகளை மதராஸில் கொண்டுபோய் விட்டார். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள், அவரும் பேசவில்லை. பேசினால் உளறிவிடுவோமோ என்று பயம். ஹாஸ்டல் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "கடுதாசி போடும்மா" என்றார். "போடறேம்ப்பா" என்றாள். அவ்வளவுதான். பதினெட்டு வருஷம் வளர்த்த மகளிடம் அவ்வளவுதான் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ஒரு வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிக்கிழமையோடு புதன்கிழமையும் மாமிசத்தை விட்டார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், போர்ட்டரைத் திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களையெல்லாம் சொன்னார். இதை மட்டும் சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லாமல் நற்கருணை வாங்குவது இன்னொரு பாவம், ஆகையால் அதையும் நிறுத்தினார். மோலிக்கு மூன்று வரிக்கு மேல் எழுத வரவில்லை. அவளும் மூன்று வரிதான் எழுதினாள். அக்கா கோபித்துக்கொண்டு மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடித்துவிட்டாள். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. வண்டி விட்டு வந்து குறிப்புப் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார்.

ஏப்ரலில் மோலி லீவுக்கு வருவதாகக் கடுதாசி வந்தது. அவள் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் ஏசுதாஸ் சோற்றில் கை வைத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"ஜெசிந்தா, நான் ஒரு பெரிய பாவம் பண்ணிட்டேன்."

ஜெசிந்தா பரிமாறுவதை நிறுத்தினாள். இந்த வயசில் என்ன பாவம்? அவர் எல்லாவற்றையும் சொன்னார். பிரேக்வான், பொரிக்காரன், சிலுவை, இரண்டு மைசூர், ஒன்றையும் விடவில்லை. "எழுத்தையே மாத்திட்டாருடி! நான் எழுதினத அழிச்சி வேற எழுதிட்டாரு. இனிமே எனக்கு மோட்சமா கிடைக்கும்?" என்று குழந்தை மாதிரி அழுதார்.

ஜெசிந்தா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"சர்வேசுரன் மாத்தலீங்க" என்றாள். "நான் மாத்தினேன்."

ஏழாம் நாள் பூ மாற்றும்போது சுரூபம் சாய்ந்து ஒரு சீட்டு கீழே விழுந்திருக்கிறது. மடிப்பு விரிந்து மைசூர் என்று தெரிந்தது. பார்த்தது தப்பு என்று பதறி, அப்படியென்றால் மற்றது மதராஸ்தானே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அதிலும் மைசூர். புருஷன் கையெழுத்து. பொய் சொல்லாத மனுஷனின் கையெழுத்து.

"எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? உங்கக்காவுக்கு வாக்குக் குடுத்துட்டு மாதாவையே ஏமாத்தறீங்கன்னு நெனச்சேன். தை மாசம் எம்பொண்ணு படிப்ப விட்டுட்டு அந்த அச்சாபீஸ்காரனுக்குச் சோறு வடிக்கணுமா? ரெண்டையும் அடுப்புல போட்டேன். வேற ரெண்டு எழுதினேன்."

"ரெண்டுலயும்?"

"ரெண்டுலயும் மதராஸ்."

ஏசுதாஸ் வாயைப் பிளந்தபடி பார்த்தார். ஒரு வருஷமாக அவரைக் குனிய வைத்திருந்த அற்புதம் அடுப்பங்கரையிலிருந்து வந்திருக்கிறது! "ஒண்ணுலயாவது மைசூர்னு எழுதியிருக்கக் கூடாதா? அதாவது நியாயமா இருந்திருக்கும்" என்றார்.

"நியாயத்தப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றாள் ஜெசிந்தா. அக்காவுக்கு வாக்குக் கொடுக்கும் நினைப்பே எனக்கு இருந்ததில்லை, மகளைப் பிரிய முடியாமல்தான் செய்தேன் என்று அவர் சொன்னபோது அவளும் அதிர்ந்துபோனாள். "அத அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றாள். "நீ மட்டும் கேட்டியா?" என்றார் அவர். சோறு ஆறிப்போனது. இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் புதிதாகப் பார்க்கிறவர்கள் போலப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மோலி வந்தாள். கொஞ்சம் உயரமாகத் தெரிந்தாள், குரலிலும் ஒரு நிதானம் வந்திருந்தது. குளித்துச் சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரும் அவளை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்கள். அவர் பாதி சொன்னார், ஜெசிந்தா மீதி சொன்னாள். திட்டுவாள், அல்லது விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார்கள். மோலி இரண்டும் செய்யவில்லை. அவள் முகம் வெளுத்துப்போனது.

"அப்படின்னா நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணலியா?" என்றாள்.

"என்னத்தம்மா?"

"என்னை அனுப்பிடறதுன்னு."

இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. மோலி மெல்லச் சொன்னாள். "சீட்டப் பிரிச்ச உடனே அது அம்மா கையெழுத்துன்னு தெரிஞ்சிடுச்சு. அப்பாதானே எழுதணும்? அம்மா எழுதியிருக்காங்கன்னா ரெண்டு பேருமாச் சேந்து முடிவு பண்ணிட்டு, எங்கிட்ட சொல்ல மனசில்லாம சீட்டுன்னு வச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். அப்பாவ நிமிந்து பாத்தேன். அப்பா முகமே சரியில்ல. சரி, நெசந்தான்னு ஆயிடுச்சு. ரயில்லயும் அப்பா பேசல. கடுதாசியும் மூணு வரி. ஒரு வருஷமா இப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"அடிப் பாவி, உன்ன அனுப்ப மனசு வருமா எங்களுக்கு!" என்று ஜெசிந்தா அலறினாள்.

"எனக்குப் போகவே மனசில்லம்மா. மதர் சொன்னாங்கன்னு எழுதிப் போட்டேன். எனக்கு மைசூர்தான் வேணும்னு இருந்துச்சு."

ஏசுதாஸ் தலையைத் தூக்கினார். என்ன சொல்கிறாள் இவள்?

"மைசூர்னே படிச்சிருப்பேன்" என்றாள் மோலி. "வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. யாரு பாக்கப் போறாங்க? நெருப்புல காட்டினா சாம்பல். ஆனா எங்கப்பா ஏழு நிமிஷத்த அஞ்சுன்னு எழுத மாட்டாரே. அவரு மக எப்படிப் பொய் படிக்கறது? இருந்ததப் படிச்சேன்."

ஏசுதாஸ் தரையைப் பார்த்தார். அந்த வீட்டில் மூன்று பேரில் ஏமாற்றாதவள் அவள் ஒருத்திதான். வேண்டியது கிடைக்காமல் போனதும் அவளுக்குத்தான். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜெசிந்தாதான் முதலில் வாய் திறந்தாள். "இங்க இருந்திருந்தா உன் அத்த உன்ன விட்டிருப்பாளா? தை மாசமே தாலி கட்ட வச்சிருப்பா."

"அத்த மகன வேண்டான்னு சொல்ல எனக்கு வாயில்லியாம்மா? அதுக்கு எதுக்கு மதராஸ்?"

தன் மகளுக்கு அப்படி ஒரு வாய் இருக்கும் என்று ஜெசிந்தா நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஏசுதாஸ் சட்டென்று எழுந்தார். ஒரு வருஷமாக இல்லாத தெம்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. ஆணியிலிருந்த கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார். "ஒண்ணும் கெட்டுப் போயிடல. யுனிவர்சிட்டி ஆபீஸ் இன்னும் தெறந்திருக்கும். அந்தப் பழைய கடுதாசி பெட்டியிலதான் இருக்கு. போய்க் கேக்கறேன். கால்ல விழுந்தாவது கேக்கறேன். ஜூன்ல நீ இங்கயே சேந்துடலாம்மா. மதராஸ் பேடா, ஒண்ணும் வேண்டாம், பெட்டி படுக்கையெல்லாம் நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்!"

"அப்பா, மறுபடியும் நீங்களே சீட்டு எழுதறீங்க" என்றாள் மோலி.

ஏசுதாஸ் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். அவள் சொன்னது புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது சப்பென்று அறைந்தாற்போல் இருந்தது. கடுதாசி வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து இன்றைக்கு வரை உபதேசியாரைக் கேட்டிருக்கிறார், அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறார், மாதாவைக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவர் குறிப்புப் புத்தகத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரிம்மா" என்றார். "இப்பக் கேக்கறேன். உனக்கு எங்க படிக்கணும்?"

மோலி அம்மாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏசுதாஸ் மனசுக்குள் அந்த ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றார். அவருக்கு வேறு செபம் வரவில்லை.

"மதராஸ்ப்பா" என்றாள். "முதல் ஆறு மாசம் தெனம் அழுதேன். இப்ப அங்க எனக்குன்னு ஒரு எடம் ஆயிடுச்சு. கணக்கு அங்கதான் நல்லா வருது. அங்கயே முடிக்கறேன்."

போன ஜூனில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவள் மைசூர் என்றிருப்பாள், இந்த வீட்டிலேயே இருந்திருப்பாள். ஏசுதாஸுக்கு அது தெரிந்தது. இனி எந்த ஆபீஸில் யார் காலில் விழுந்தும் அந்த ஜூனை வாங்கி வர முடியாது என்றும் தெரிந்தது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிம்மா" என்றார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.